திருவேடத்தின் கடன்



அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்றாய், பெருமான் அந்தகாசுரனை அடர்த்த இடமாய் விளங்கும் இத்திருக்கோவலூர் வீரட்டத்தில், கார்த்திகை உத்திரமாகிய இன்று மெய்ப்பொருள் நாயனாரின் குருபூசைக்காக நாம் கூடியிருக்கின்றோம். அவர் வரலாற்றை நீவிர் பலமுறை கேட்டிருப்பீர்கள். இன்று அதனுள் பொதிந்துள்ள வினா ஒன்றை ஆராய விழைகின்றோம். சமயக் கோலம் பூண்டவர் நெறி பிறழ்ந்தால் அடியவர் செய்யத்தக்கது யாது?

சேதி நாட்டை இவ்வூரிலிருந்து ஆண்ட நாயனாரிடம் போரில் பன்முறை தோற்றவன் முத்தநாதன். அவன் திருநீறு பூசி, சடை முடித்து, சுவடிக் கட்டினுள் படைக்கலத்தை மறைத்துக்கொண்டு அந்தப்புரம் வரை சென்றான். எங்கும் கிடைத்தற்கரிய ஆகமம் கொணர்ந்ததாகக் கூறினான். மன்னர் அவனை உயர்ந்த இருக்கையில் அமர்த்தி, தேவியை அகலச் செய்து, தாம் தாழ்ந்திருந்து வணங்கினார். அவ்வேளையில் அவன் தன் கொடுமையைச் செய்து முடித்தான். வாளோங்கிப் பாய்ந்த காவலன் தத்தனை மன்னர் தடுத்தார். வந்தவனை ஊறு நேராமல் ஊரெல்லை கடத்திவிடப் பணித்தார். அது முடிந்ததென்று தத்தன் வந்து கூறும் வரையில் உயிர் தாங்கியிருந்தார்.

இவ்வரலாற்றைக் கொண்டு சிலர், ‘திருவேடத்தார் எது செய்யினும் வாய் திறத்தலாகாது’ என்பர். வேறு சிலரோ ஒருவன் செய்த பிழையைக் கண்டதும், ‘காவியும் நீறும் யாவும் பொய்’ என்று பழிப்பர். இவ்விரண்டும் நாயனார் கருத்தாகா என்பது நம் துணிபு.

நாயனார் ஈந்தது தம் உயிரை, பிறர் உயிரையன்று. தமக்கு நேர்ந்த தீங்கைப் பொறுத்தார். ஆயினும் அச்செயலை நற்செயலென்று அவர் கூறவில்லை. சேக்கிழார் பெருமானும் முத்தநாதனின் வஞ்சத்தை மறைத்துப் பாடவில்லை. தமக்கிழைத்த பிழையைப் பொறுத்தல் அடியவர்க்கு அழகு. கோயிற் பொருளைக் கவர்வதையும் எளியோரை வருத்துவதையும் கண்டு வாளாவிருத்தல் பொறையாகாது. அது பிறர் துன்பத்தை நாம் விலை பேசுவதாகும். முறையிட வேண்டிய இடத்தில் அஞ்சாது முறையிட வேண்டும். அப்போதும் ஒருவன் குற்றத்தை நெறியனைத்தின் மேலும் ஏற்றுதல் கூடாது.

இனித் திருவேடம் தாங்குவோர் கடன். சிவாசாரியர் உலக நலங்கருதிச் செய்வது பரார்த்த பூசை. அதற்கு முன் தம் பொருட்டு ஆன்மார்த்த பூசை செய்தல் வேண்டுமென்பது ஆகம மரபு. தம்மைத் தூய்மை செய்துகொண்ட பின்னரே ஊருக்காக மலரெடுக்கலாம் என்பதன்றோ இதன் பொருள்? திருநீறு வழங்கும் கை செல்வர், வறியர் என்று வேறுபாடு காணலாகாது. ஓதுவார் திருமுறையை மனமொன்றிப் பாடுதல் வேண்டும். மடத்துத் தலைவர் தாம் கற்றதை ஊரார்க்கு வழங்குதல் வேண்டும்.

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இவ்வூர்ப் பெயரையே தாங்கியது திருக்கோவலூர் ஆதீனம். திருப்பாதிரிப்புலியூரில் அமைந்த அதன் மடத்தில் ஐந்தாம் பட்டத்தில் வீற்றிருந்தவர் ஞானியார் அடிகள். 1873-இல் தோன்றிய அடிகள் 1889-இல் இளம்பருவத்திலேயே பட்டமேற்றார். மடத்தினுள் அடங்கியிராது ஊர்தோறும் சென்று சொற்பொழிவாற்றினார். 1905-இல் சைவ சித்தாந்த மகா சமாசம் தோன்றத் துணை நின்றார். 1942-இல் பழனியில் சிவப்பேறெய்தினார். நாடு அவரைப் போற்றியது பட்டத்தின் பொருட்டு மட்டுமன்று. தமிழையும் சைவத்தையும் வரையாது வழங்கிய பணியின் பொருட்டேயாம்.

அன்பர்களே! திருநீற்றைக் கண்டால் வணங்குவோம்; அது நம் கடன். அவ்வணக்கத்துக்குத் தகுதியுடையராய் ஒழுகுதல் அதனை அணிந்தவர் கடன். இங்கே நீறணிந்து நிற்கும் நாமனைவரும் அவ்வணிந்தவர் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே என்பதை மறவாதிருப்போமாக.

திருச்சிற்றம்பலம்.