இருப்பை அறிவித்தலும் தேசவிரதமும்



அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் பணி நாடி வந்து, பூவிருந்தவல்லி வரை குடியமர்ந்த தமிழ்ச் சமணக் குடும்பங்கள் உண்டு. அவர்களுள் சிலருடைய பெற்றோர் இன்றும் வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களிலேயே வாழ்கின்றனர். விடியலில் வாட்ஸ்அப்பைத் திறந்து, தாய் அதனைக் கடைசியாகப் பார்த்த நேரம் ஐந்தரை மணி என்று கண்டால் மகனின் மனம் ஆறுதல் அடைகிறது.

2009-ஆம் ஆண்டில் ஜான் கூம் இச்செயலியை அமைக்கத் தொடங்கியபோது, செய்தி அனுப்புவது அதன் முதல் நோக்கமன்று. ஒருவர் வேலையில் இருக்கிறாரா, பேசக்கூடிய நிலையில் இருக்கிறாரா என்பதைப் பெயருக்கு அருகே காட்டுவதே நோக்கம். படித்ததை உணர்த்தும் நீலக்குறி 2014-இலும், 24 மணி நேரத்தில் மறையும் படநிலை 2017-இலும் வந்தன.

இருப்பை அறிவிக்கும் இவ்வேட்கையை நம் ஆசாரியர்கள் அன்றே நுணுகி நோக்கியுள்ளனர். குறித்த காலம்வரை ஓர் எல்லைக்குள் அடங்கியிருப்பது தேசவிரதம். அதன் ஐந்து அதிசாரங்களை உமாசுவாமி முனிவரின் தத்துவார்த்த சூத்திரம் ஏழாம் அத்தியாயத்தில் கூறுகிறது. எல்லைக்கு வெளியிலிருந்து பொருளை வருவித்தல், ஆளை ஏவுதல், ஒலியால் உணர்த்துதல், உருவைக் காட்டுதல், கல் போன்றவற்றை எறிந்து கவனத்தை ஈர்த்தல் என்பன அவை. இவற்றில் கால் எல்லையைத் தாண்டுவதில்லை, மனம் தாண்டிவிடுகிறது. இன்று இவ்வைந்தும் ஒரு விரல் அசைவில் நிகழ்கின்றன.

தசலட்சண நாளில் உபவாசம் ஏற்றவர், அச்செய்தியைப் படநிலையாக இட்டு, யார் யார் பார்த்தனர் என்று எண்ணிக்கொண்டிருந்தால் உடல் மட்டுமே நோன்பிருக்கிறது. நீலக்குறி தோன்றியும் மறுமொழி வரவில்லை என்று உடன்பிறந்தார்மீது சினம் கொண்டால், உத்தம க்ஷமை அங்கேயே குலைகிறது.

ஆகவே, சாமாயிகத்திற்குரிய இரு நாழிகையான 48 நிமிடமேனும் கைப்பேசியை அணைத்து வைத்தல் இக்காலத் தேசவிரதத்திற்கு நல்ல தொடக்கம். பழகியபின் ஒரு பகல், ஒரு நாள் என அதனை நீட்டலாம்.

ஆனால் ஒன்றை மறத்தல் ஆகாது. விரதம் தொடங்குமுன் ஊரிலுள்ள பெற்றோரை அழைத்துப் பேசி, இத்தனை மணிவரை தொடர்பில் இருக்க இயலாது என்று சொல்லிவிட வேண்டும். ஒருவர் ஏற்கும் மௌனம், அவருக்காகக் காத்திருக்கும் முதியவருக்கு அச்சமாக மாறினால், அதுவும் இம்சையே.