அந்த 36 பேர்

இணைப்பு என்று பெயர் வைத்துக்கொண்டே மனிதரைப் பிரித்துவைக்க முடியுமா? முடியும் என்று அமெரிக்க மெத்தடிஸ்ட் திருச்சபை 1939இல் காட்டியது. அடிமை முறையைக் கண்டித்து 1774லேயே நூல் எழுதிய ஜான் வெஸ்லியின் வழிவந்த சபை அது! அடிமைகளை உடைமையாக வைத்திருந்த ஒரு பேராயரைப் பற்றிய சண்டையில் 1844இல் வடக்கு, தெற்கு என உடைந்தது; 95 ஆண்டுகள் கழித்து ஒன்றுகூடியது. அதற்கு யார் விலை கொடுத்தார்கள்? நிலப்பரப்பு பார்த்து ஐந்து மண்டலங்கள் வகுத்தார்கள். கறுப்பினச் சபைகளில் பெரும்பாலானவற்றை மட்டும் நிறம் பார்த்து 'மத்திய மண்டலம்' என்ற ஆறாவதில் ஒதுக்கினார்கள். அந்தத் திட்டம் 1936இல் பொது மாநாட்டுக்கு வந்தபோதே, 47 கறுப்பினப் பிரதிநிதிகளில் 36 பேர் வேண்டாம் என்று வாக்களித்தார்கள். மாநாடு கேட்கவில்லை.

தங்கள் பேராயர்களைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் உரிமை மத்திய மண்டலத்தாருக்குக் கிடைத்ததே என்பார்கள். கிடைத்தது; மறுக்கவில்லை. ஆனால் வெள்ளையர் மிகுந்த மண்டலம் ஒன்றுக்குக் கறுப்பினப் பேராயர் பொறுப்பேற்றுப் போக 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்ததே! தன் நிறத்தாருக்கு மட்டும் மேய்ப்பனாக இரு என்பது உரிமையா, வேலியா?

சட்டம் எதற்கு, மனம் தானாக மாறட்டும் என்று உபதேசிக்கிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு. அவர்களுக்கும் வரலாறு பதில் வைத்திருக்கிறது. விரும்பிய சபைகள் மண்டலம் மாறிக்கொள்ளலாம் என்று 1956இல் திருத்தம் வந்தது; ஆனாலும் மத்திய மண்டலம் மறையவில்லை. 1963 ஜனவரியில் மிசிசிப்பியின் வெள்ளைப் போதகர்கள் 28 பேர் இனப் பாகுபாட்டைக் கண்டித்து அறிக்கை விட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த மாநிலத்தையே விட்டுப் போக நேர்ந்தது. மனம் மாறியவனை ஊரில் நிற்க விடாவிட்டால் மனமாற்றம் எப்படிப் பரவும்? மறு ஆண்டு ஈஸ்டர் ஞாயிறு. ஜாக்சன் நகரின் காலோவே மெமோரியல் ஆலயத்துக்கு இரண்டு பேராயர்கள் வந்தார்கள். சார்ல்ஸ் கோல்டன் கறுப்பினத்தவர். ஜேம்ஸ் மேத்யூஸ் நம் இந்தியாவில் ஊழியம் செய்த வெள்ளையர். இருவரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். சொந்தச் சபையின் பேராயர்களை, அதுவும் கிறிஸ்து உயிர்த்தெழுந்த திருநாளில்!

1968இல் டல்லஸில் ஐக்கிய மெத்தடிஸ்ட் திருச்சபை உருவானபோதுதான் மத்திய மண்டலம் ஒழிந்தது. நிறத்தால் பிரிந்திருந்த வட்டார மாநாடுகள் இணைந்து முடிய மேலும் சில ஆண்டுகள் ஆயின. வாக்கெடுத்து எழுப்பிய சுவரை வாக்கெடுத்துத்தான் இடிக்க முடிந்தது. அந்த 36 பேர் அன்று சொன்னதைச் சட்டமாக்கச் சபைக்கு 32 ஆண்டுகள் பிடித்தன. எண்ணிக்கையில் தோற்ற அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது.