எழுதியதை எங்கே அச்சேற்றுவது?



"எழுதுவது பற்றியும் பதிப்பிப்பது பற்றியும் நாங்கள் எழுதினால் எந்தப் பத்திரிகை ஏற்கும்?" என நம் இரவுப் பாடசாலை மாணவர் ஒருவர் வினவினார். நியாயமான வினா. இளமையில் நாமும் அத்தகைய கட்டுரையொன்றை ஓர் இதழுக்கு அனுப்பினோம். உறை பிரிக்கப்படாமலே திரும்பிற்று. அனுப்புநர் முகவரியில் சேரியின் பெயர் இருந்தது. காரணம் அதுதானா என்பதை இன்றும் அறியோம்.

1920-இல் டாக்டர் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கியபோது, கட்டணம் தருவதாகச் சொல்லியும் அதன் விளம்பரத்தை வெளியிடக் 'கேசரி' மறுத்தது. நம் முன்னோரோ அதற்கு முன்பே சொந்த ஏடு கண்டவர்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' விலையைப் பெயரிலேயே தாங்கி வந்தது; மறு ஆண்டு 'தமிழன்' ஆயிற்று.

ஆகவே முதலில் நம் கையெழுத்து ஏட்டில் எழுதுங்கள். பின்னர்ச் சிறு பத்திரிகைகள், ஆசிரியர் சங்க ஏடுகள். அனுப்புமுன் அவ்வேட்டின் மூன்று இதழ்களையேனும் படியுங்கள். பொதுப்பட எழுதாது, அச்சகத்தில் நீங்கள் கண்டதை எழுதுங்கள். பிரதியொன்று வைத்துக்கொள்ளுங்கள், வைக்காமல் நாம் இரண்டு கட்டுரைகளை இழந்தோம். திரும்பி வந்தால் மறுநாளே வேறிடத்திற்கு அனுப்புங்கள்.

அம்மாணவரின் கட்டுரையை மலர்க் குழுவினரிடம் கொடுத்துள்ளோம். நான்கு பிழைகள் உண்டு. நாம் திருத்தவில்லை, மெய்ப்பு வரும்போது அவரே பார்க்கட்டும்.