முப்பத்தைந்தாயிரம் கன அடியும் ஏக்தா நகரியும்

புனேயில் வெள்ளத்தைப் பற்றி மே மாதம் கூட்டம் போட்டால் நாற்காலிகள்தான் கேட்கும். ஜூலையில் போட்டால் நிற்க இடமிருக்காது. வெயில் காலத்திலேயே வந்திருக்கிறீர்கள், நன்றி.

1961 ஜூலை 12. கட்டிக்கொண்டிருந்த பான்ஷேத் அணை உடைந்தது. அந்த வேகத்தில் கீழேயிருந்த கடக்வாஸ்லா அணையும் போயிற்று. முட்டா நதி புனேயின் பேட்டைகளுக்குள் புகுந்தது. இன்று அந்த நதிக்கு அரசு இரண்டு கோடுகள் போட்டு வைத்திருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுக்கொரு முறை வரக்கூடிய வெள்ளத்துக்கு நீலக்கோடு, நூறாண்டு வெள்ளத்துக்குச் சிவப்புக்கோடு. நீலக்கோட்டின் கணக்கு வினாடிக்கு 60,000 கன அடி.

இப்போது 2024 ஜூலை 25-க்கு வாருங்கள். கடக்வாஸ்லாவிலிருந்து சுமார் 35,000 கன அடி திறந்தார்கள். சிங்ககட் சாலை ஏக்தா நகரியில் கீழ்த்தளங்கள் மூழ்கின. ஆட்களை மீட்க ராணுவம் வந்தது. அறுபதாயிரத்துக்குப் போட்ட கோடு. வந்ததோ அதில் பாதியைச் சற்றே தாண்டிய தண்ணீர். அப்படியானால் நதிக்குள் நாம் எவ்வளவு இடத்தைப் பிடித்துக்கொண்டோம்? இடித்த வீட்டுக் கல்லும் மண்ணும் இரவோடு இரவாக எந்தக் கரையில் கொட்டப்படுகின்றன என்று நமக்குத் தெரியாதா? அதே நாள் டெக்கான் ஜிம்கானா பக்கம் புலாச்சி வாடியில், தள்ளுவண்டியைக் காப்பாற்றப் போன மூன்று பேர் மின்சாரம் தாக்கி இறந்தார்கள்.

பணம் இல்லையா? இருக்கிறது. பதினைந்தாவது நிதிக்குழு ஏழு பெருநகரங்களின் வெள்ள அபாயத்தைக் குறைக்க 2,500 கோடி பரிந்துரைத்தது. சென்னைக்கு 500, புனேக்கு 250. இன்னொரு பக்கம் 44 கிலோமீட்டருக்கு நதிக்கரை அழகுபடுத்தும் திட்டமும் நடக்கிறது. ஒரு கையால் வடிகால் வெட்டிவிட்டு மறுகையால் கரையை இறுக்கினால், முதல் கைக்கு எதற்குச் சம்பளம்?

ஆம்பில் ஓடையின் கதை வேறு. காத்ரஜ் பக்கம் பிறந்து ஊருக்குள் ஓடிவரும் ஓடை. அதற்கு மேலே கதவு திறக்கும் பெரிய அணை கிடையாது. முன்கூட்டி எச்சரிக்க யாரும் கிடையாது. 2019 செப்டம்பர் 25 இரவு பெய்த மழையில் டாங்கேவாலா காலனியில் சுவர் இடிந்து உயிர்கள் போயின. இரண்டு ஆண்டு கழித்து, 2021 ஜூனில், கொட்டும் பருவத்தில், தாண்டேகர் பாலத்தருகே ஓடைக்கரைக் குடிசைகளை இடிக்க இயந்திரங்கள் வந்தன. நீதிமன்றம் தடை போட்டது. குடிசையென்றால் கோட்டுக்கு வெளியே தள்ளுகிறோம். அடுக்குமாடி என்றால் கோட்டையே நகர்த்தலாமா என்று கேட்கிறோம். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

அணை திறக்கும் செய்தி கைபேசியில் வருகிறது. "முப்பத்தைந்தாயிரம்" என்று படித்தால், வீட்டு வேலைக்குப் போய் வந்து அசந்து தூங்கும் அக்காவுக்கு என்ன புரியும்? தண்ணீர் அவர் வாசற்படிக்கு வருமா, அடுப்புக்கு வருமா? கரையோரச் சந்துகளின் மின்கம்பங்களிலும் மதில்களிலும் இருபதாயிரத்துக்கு இவ்வளவு, முப்பத்தைந்துக்கு இவ்வளவு, அறுபதுக்கு இவ்வளவு என்று பெயின்டில் கோடு போடுங்கள், மராத்தியிலும் இந்தியிலும் எழுதுங்கள். இதற்குக் கோடிகள் வேண்டாம். வார்டு அலுவலகத்துக்கான மனு வாசல் மேசையில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகுமுன் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். ஜூன் பிறக்க அதிக நாளில்லை.