வேருக்கு ஒரு கூட்டாளி



எங்க ஊர்க் குழுவில் சவுக்கு நாத்து வளர்த்து விற்கிறோம். நீங்க இங்கே கட்டடத்துக்குச் சாரம் கட்ட, பந்தல் போடப் பார்க்கிற கழி சவுக்குதான். பை, மண், விதை எல்லாம் குழுக் கடன். ஒரு நாத்து பட்டுப்போனாலும் வட்டி நிற்காது. அதனால நாத்தைத் தேற்றுகிற ஒரு விஷயம் சொல்றேன்.

பூஞ்சாணம்னா நோய்னு நினைக்கிறோம். நல்லதும் இருக்கு. வேர் உட்பூசணம், சுருக்கமா வேம்னு சொல்லுவாங்க. அது வேருக்குள்ளே குடியிருந்து, மெல்லிசான நூலை வெளியே நீட்டும். வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கும். பதிலுக்குச் செடி அதுக்குச் சர்க்கரை கொடுக்கும். நம்ம குழு மாதிரி, கொடுக்கல் வாங்கல்தான்.

பைன் மரத்துக்கு வேற வகைப் பூஞ்சாணம் வேணும். போர்ட்டோ ரிகோ தீவில் பல வருஷம் பைன் நாத்து நட்டும் தேறவில்லை. 1955-ல் பைன் காட்டு மண்ணைக் கொண்டுவந்து வேரில் போட்ட பிறகுதான் வளர்ந்தது. சவுக்கு பார்க்க பைன் மாதிரி இருந்தாலும் அதுக்கு வேம் போதும். கூடவே ஃபிரான்கியா என்கிற நுண்ணுயிர் வேரில் முடிச்சு போட்டு, காற்றிலிருக்கும் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும். கோவை வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனத்தில் இதையெல்லாம் ஆராய்ச்சி செய்றாங்க.

போடுற முறை சுலபம். ஒரு பைக்கு 5 முதல் 10 கிராம். ஒரு கிலோ வாங்கினா குறைஞ்சது 100 பைக்கு வரும். மேலே தூவினா பலன் இல்லை. 2, 3 செ.மீ. ஆழத்தில், வேர் தொடுற இடத்தில் இருக்கணும். பூஞ்சாணக்கொல்லி மருந்தைக் கூடச் சேர்க்காதீங்க. சூப்பர் பாஸ்பேட்டை அள்ளிப் போட்டாலும் வேம் வேலை செய்யாது. பாக்கெட்டை வெயிலில் வைக்காதீங்க.

மாடியில் கத்தரி, மிளகாய், தக்காளி வளர்க்கிறவங்களுக்கும் இது உதவும். கோஸ், காலிபிளவர், முள்ளங்கிக்கு மட்டும் வேம் ஒட்டாது, காசு வீண். நான் சொல்றதை அப்படியே நம்ப வேண்டாம். 10 பையில் போட்டு, 10 பையில் போடாமல், ஒரே மண், ஒரே தண்ணி விட்டு வளருங்க. ரெண்டு மாசம் கழிச்சு ரெண்டையும் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்க. கணக்கு சரியா வந்தால் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போட்டு வாங்குங்க.