கொடி நாளுக்கு மறுநாள்



டிசம்பர் 7ஆம் தேதி வந்தால் பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் சின்னதாக ஒரு தாள் கொடியைக் குண்டூசியால் சட்டையில் குத்திவிடுவார்கள். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று மூன்று பட்டை. தரைப்படைக்கு ஒன்று, கடற்படைக்கு ஒன்று, விமானப்படைக்கு ஒன்று. மாவட்ட ஆட்சியர் உண்டியலில் முதலில் பணம் போட்டுத் தொடங்கிவைப்பார். மறுநாள் செய்தித்தாளில் படம் வரும். படைவீரர் கொடி நாள் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது இவ்வளவுதான்.

இந்த வழக்கம் 1949இல் தொடங்கியது. அப்போது பாதுகாப்புத் துறை அமைச்சராக இருந்தவர் பல்தேவ் சிங். அவர் தலைமையிலான குழு அந்த ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று கூடி, ஆண்டுதோறும் டிசம்பர் 7ஐக் கொடி நாளாகக் கொண்டாடலாம் என்று முடிவு செய்தது. வெள்ளைக்காரர் காலத்தில் நவம்பர் 11 அன்று பாப்பிப் பூ விற்றுப் பணம் திரட்டுவார்கள். அந்தப் பணத்தை எப்படிச் செலவழிப்பது என்பது நம் கையில் இல்லை. சுதந்திரம் வந்ததும் நம் வீரர்களுக்கு நாமே ஒரு நாளை வைத்துக்கொண்டோம். தனித்தனியாக இருந்த சில நிதிகளை 1993இல் ஒன்றாகச் சேர்த்துக் கொடி நாள் நிதி என்று ஆக்கினார்கள். போரில் கண் பார்வை இழந்தவர்களுக்காக இருந்த செயின்ட் டன்ஸ்டன்ஸ் நிதியும் அதில் சேர்ந்தது. வரலாற்றை இதோடு நிறுத்திக்கொள்கிறேன். கொடுத்த பத்து ரூபாய் யார் வீட்டு வாசலுக்குப் போய்ச் சேருகிறது என்பதுதான் இன்று நான் பேச வந்தது.

நான் இயன்முறை சிகிச்சையாளர். பிசியோதெரபிஸ்ட் என்றால் உங்களுக்குச் சட்டென்று புரியும். வேலை பார்த்தது வேலூர்ப் பக்கத்தில். அந்தப் பக்கத்தை அறிந்தவர்களுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரு மிலிட்டரிக்காரர் வீடு இருக்கும். கம்மவான்பேட்டை என்று ஓர் ஊர். வீட்டுக்கு ஒருவராவது படையில் இருந்திருப்பார்கள் என்பதால் அதை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அதனால் கால் போனவர், கை போனவர், முதுகுத்தண்டில் அடிபட்டவர் என்று என்னிடம் வந்தவர்களில் முன்னாள் படைவீரர்கள் நிறைய. இப்போது நான் சொல்லப்போவதெல்லாம் அவர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

கண்ணிவெடியில் கால் போன ஒரு வீரருக்கு முதல் செயற்கைக் காலை ராணுவமே போட்டு அனுப்பிவிடும். புனேயில் செயற்கை உறுப்பு மையம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944இல் தொடங்கியது. இன்றைக்கும் அருமையாக வேலை செய்கிறார்கள். அங்கிருந்து நடந்தபடியே ஊருக்கு வருவார். ஊரே கூடி மாலை போடும். எங்களுடைய வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும்.

வெட்டி எடுத்தபின் மிஞ்சியிருக்கும் காலை நாங்கள் ஸ்டம்ப் என்போம். அது ஒரே அளவில் நிற்காது. முதலில் வீங்கியிருக்கும். மாதங்கள் போகப் போக வற்றும், தசை கரையும். காலைச் செருகுகிற கிண்ணம் மாதிரியான சாக்கெட் லொடலொடக்கும். இரண்டு காலுறை கூடுதலாகப் போட்டுச் சமாளிப்பார்கள். பிறகு அதுவும் போதாது. இத்தோடு வேலூர் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாக்கெட்டுக்குள் வேர்வை தேங்கித் தோல் ஊறி, முழங்காலுக்குக் கீழே எலும்பு முட்டும் இடத்தில் ஒரு சின்னக் கொப்புளம் கிளம்பும். நம் காலில் கொப்புளம் வந்தால் செருப்பை மாற்றிக்கொள்வோம். அவர் காலையே கழற்றி வைக்க வேண்டும். புண் ஆறும்வரை வேலைக்குப் போக முடியாது. செக்யூரிட்டி வேலை என்றால் அன்றன்றைய சம்பளம் போய்விடும். சாக்கெட்டைப் புதிதாகச் செய்ய வேண்டும். சில ஆண்டுகளில் காலையே மாற்ற வேண்டும். இருபத்தைந்து வயதில் காலை இழந்த ஒருவர் எழுபது வயதுவரை வாழ்ந்தால் எத்தனை கால், எத்தனை சாக்கெட், எத்தனை பஸ் பயணம், எத்தனை நாள் கூலி நஷ்டம் என்று நீங்களே ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இது கண்ணுக்குத் தெரிகிற செலவு. தெரியாத ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

கணியம்பாடிப் பக்கத்திலிருந்து ஒரு நாயக் வந்தார். நாயக் என்பது படையில் ஒரு பதவி. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. நன்றாக நடந்தார், ஸ்டம்பில் புண் எதுவும் இல்லை. ஆனால் கண்ணெல்லாம் குழிவிழுந்து கிடந்தது. கூட வந்த மனைவிதான் பேசினார். “டாக்டரம்மா, ராத்திரி ஆனா வலிக்குதுன்னு துடிக்கிறாரு. பசங்க பயந்துக்கும்னு கதவ சாத்திடறேன். காலே இல்லியே, எங்கம்மா வலிக்கும்?” என்று கேட்டார். மாமியார் வீட்டில் இதை நம்பவில்லை, குடிக்கக் காசு கேட்பதற்கான நாடகம் என்கிறார்கள் என்றும் சொன்னார். சொல்லும்போது அழவில்லை. அழுது முடித்தவர் முகம் அது.

நான் அவரிடம் கேட்டேன், எந்த இடத்தில் வலி என்று. கீழே குனிந்து, கட்டில் விளிம்புக்குக் கீழே, ஒன்றுமில்லாத இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். “வெரலு அஞ்சும் மடங்கிப் புடிச்சிக்கினு கீது மேடம். பிரிக்க முடியல” என்றார்.

நேயர்களே, இது நாடகமில்லை, பிரமையுமில்லை. கால் போனாலும் மூளையில் அந்தக் காலுக்கான இடம் போகாது. காலிலிருந்து சேதி வராததால் மூளை தவிக்கும், அந்தத் தவிப்பு வலியாக வரும். 1860களில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த சிப்பாய்களிடம் இதைப் பார்த்து எழுதியவர் சைலாஸ் வெயர் மிட்செல் என்ற மருத்துவர். அதற்குப் பிறகு எத்தனையோ மாத்திரை, எத்தனையோ அறுவை சிகிச்சை. 1990களில் ஒருவர் வெறும் கண்ணாடி ஒன்றை வைத்து இதற்கு வழி சொன்னார். அவர் நம்மவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிஃபோர்னியாவில் பேராசிரியராக இருந்த வி.எஸ். ராமச்சந்திரன்.

செய்முறை எளிமையானது. இரண்டு காலுக்கும் நடுவே நெட்டுக்குத்தாக ஒரு கண்ணாடியை வைப்போம். இல்லாத கால் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துவிடும். இருக்கும் காலின் பிம்பம், இல்லாத கால் இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். நல்ல காலின் விரல்களை மெல்ல விரிக்கச் சொல்வோம். கண்ணாடியில் போன காலின் விரல்கள் விரியும். மூளை கண்ணை நம்பும். ராமச்சந்திரன் முதலில் கை இழந்தவர்களிடம்தான் இதைச் செய்து பார்த்தார். பிறகு அமெரிக்காவில் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கால் இழந்த வீரர்களிடம் முறையாகச் சோதித்தார்கள். 2007இல் முடிவு வெளியானது. கண்ணாடியைப் பார்த்துப் பயிற்சி செய்த ஆறு பேருக்கும் நான்கு வாரத்தில் வலி குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான். எல்லாருக்கும் பலிக்கும் என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் பலித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் இடத்தில் அதற்கென்று தனிக் கண்ணாடி கிடையாது. பழைய பீரோக் கதவிலிருந்து கழற்றிய ஆளுயரக் கண்ணாடி ஒன்றை நீளவாக்கில் நிறுத்திக்கொண்டோம். நாயக் உட்கார்ந்தார். வலது கால் விரல்களை மெதுவாக விரித்தார். கண்ணாடிக்குள் பார்த்தார். கட்டைவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக எண்ணினார், சுண்டுவிரல்வரை. பிறகு நெடுநேரம் எதுவும் பேசவில்லை. “பிரியுது மேடம்” என்றார். மனைவி எழுந்து வந்து கண்ணாடிக்குள் அந்தக் காலைப் பார்த்தார். தொட்டுப் பார்க்க நீட்டிய கை கண்ணாடியில் பட்டது. சில வாரம் விடாமல் பயிற்சி செய்தார். வலி அடியோடு போகவில்லை, ஆனால் ராத்திரியில் தூங்க முடிந்தது.

பணம் திரட்டுவதைப் பற்றிப் பேச வந்தவள் கண்ணாடிக் கதை சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். கண்ணாடிக்குச் சில நூறு ரூபாய் ஆகும். அதன் பக்கத்தில் தினமும் உட்கார்ந்து சொல்லித்தரும் ஆளுக்குத்தான் அதைவிட அதிகச் செலவு. கிராமத்திலிருந்து வீரர் வந்துபோகும் பஸ் காசு, கூட வரும் மனைவி விட்டுவரும் அன்றைய கூலி, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வீட்டுக் கழிப்பறையில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி, இவைதான் காயம்பட்டவரின் குடும்பத்தை அரிக்கிற செலவுகள். ஓய்வூதியம் உண்டு, மருத்துவத் திட்டம் உண்டு. அவற்றின் இடுக்கில் விழுகிறவற்றைத்தான் தர்மப் பணம் தாங்க வேண்டும். கொடி நாள் நிதியிலிருந்து மருத்துவ உதவி, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, உடல் ஊனமுற்றவர் ஓட்டுவதற்கேற்ப மாற்றியமைத்த ஸ்கூட்டர் வாங்க உதவி என்றெல்லாம் தருகிறார்கள். புனே கிர்க்கியிலும் மொகாலியிலும் முதுகுத்தண்டு அடிபட்ட வீரர்கள் தங்குவதற்கு மறுவாழ்வு இல்லங்கள் இருக்கின்றன. கிர்க்கி இல்லம் 1974இல் தொடங்கியது. அரசு மானியத்தோடு பொதுமக்கள் நன்கொடையும் சேர்ந்துதான் அவை நடக்கின்றன. கழுத்துக்குக் கீழே அசைவில்லாதவர்கள் வாயில் தூரிகையைக் கவ்விக்கொண்டு அங்கே ஓவியம் வரைகிறார்கள்.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஊரில் நிதியளிப்பு விழாவுக்கு என் நோயாளி ஒருவரை அழைத்திருந்தார்கள். மேடையில் பெரிய அட்டைக் காசோலை. பிரமுகர்கள் ஒவ்வொருவராகப் பேசினார்கள். அவரை முன்வரிசையில் நிற்கவைத்திருந்தார்கள், நாற்காலி இல்லை. சாக்கெட் அழுத்தி அவர் உதட்டைக் கடிப்பது எனக்குத் தெரிந்தது, மற்றவர்களுக்குத் தெரியவில்லை. மறுநாள் ஸ்டம்ப் தோலுரிந்து வந்தார். கொடுக்கிற கை நல்ல கைதான். கொடுக்கும்போது அவரை உட்காரவைத்துக் கொடுங்கள், படம் எடுக்கலாமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள் என்றுதான் வேண்டுகிறேன்.

சரியான நேரத்தில் ஒருவர் செய்த உதவி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு முரளிகாந்த் பெட்கர் கதை இருக்கிறது. 1965 போரில் குண்டடிபட்டவர். அதற்கு முன் குத்துச்சண்டை வீரர். அடிபட்டபின் நீச்சலுக்கு மாறினார். வெளிநாடு போகப் பணம்? கிரிக்கெட் வீரர் விஜய் மெர்ச்சண்ட் உடல் ஊனமுற்றவர்களுக்காக நடத்திய தொண்டு அமைப்பு பயணத்துக்கு உதவியது. 1972இல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கினார். பாராலிம்பிக்கில் இந்தியாவுக்கு முதல் தங்கம் அதுதான். நம் பக்கத்தில் கும்பகோணத்துக்காரர் ஆனந்தன் குணசேகரன். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவு. 2008இல் காஷ்மீர் எல்லையில் கண்ணிவெடியில் இடது காலை இழந்தார். 2019இல் சீனாவின் வூஹானில் நடந்த உலக ராணுவ விளையாட்டுப் போட்டியில் 100, 200, 400 மீட்டர் மூன்றிலும் தங்கம். ஓடுவதற்கென்றே வளைத்துச் செய்த பிளேடு காலோடு அவர் ஓடுவதை வீடியோவில் பார்க்கும்போதெல்லாம் நான் அந்தக் காலையும் சாக்கெட்டையும்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். எத்தனை முறை அளவெடுத்திருப்பார்கள் என்று மனசு கணக்குப் போடும். எல்லாரும் பதக்கம் வாங்க வேண்டியதில்லை. என் நாயக்குக்குப் பால்காரரிடம் போய்ப் பால் வாங்கிவர முடிந்தது. எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

நேரம் நெருங்கிவிட்டது. கார்கில் சமயத்தில், 1999இல், மக்கள் கொட்டிக் கொடுத்ததை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பள்ளிப் பிள்ளைகள் மண் உண்டியலை உடைத்துக் கொடுத்தார்கள். அன்றைக்குக் காயம்பட்ட இளைஞர்களுக்கு இன்று ஐம்பது வயது ஆகியிருக்கும். வயது ஏற ஏற நல்ல காலின் மூட்டும் தேயும், இடுப்பு வலிக்கும், தேவை கூடும். ஆனால் சண்டை ஓய்ந்ததும் கொடுப்பதும் ஓய்ந்துவிடுகிறது. என்னைக் கேட்டால் போர்க்காலத்தில் ஆயிரம் ரூபாய் கொடுப்பதைவிட, ஒன்றும் நடக்காத வருஷங்களில் வருஷத்துக்கு நூறு ரூபாய் கொடுப்பதுதான் அவர்களுக்கு உதவும்.

கொடுக்க விரும்புகிறவர்கள் மாவட்டத் தலைநகரில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். கொடி நாள் நிதிக்கு என்று சொல்லிக் கொடுத்து ரசீது கேட்டு வாங்குங்கள். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு வருமான வரி விலக்கு உண்டு. கம்பெனி நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் தொகையை முன்னாள் படைவீரர் நலனுக்குச் செலவிடச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. ரயிலிலும் கடைத்தெருவிலும் ராணுவப் படத்தை வைத்துக்கொண்டு ரசீது இல்லாமல் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். உங்கள் தெருவிலேயே கால் இழந்த ஒரு மிலிட்டரிக்காரர் இருந்தால், அவருக்கு அந்த அலுவலகத்தில் என்னென்ன உதவி உண்டு என்று தெரியாமலே இருக்கலாம். விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்துக் கூடப் போய்வாருங்கள். ராத்திரியில் இல்லாத கால் வலிக்கிறது என்று அவர் சொன்னால் நம்புங்கள். பக்கத்தில் இருக்கும் பிசியோதெரபி பிரிவுக்கு அழைத்துப் போங்கள். அங்கே கண்ணாடி இல்லாவிட்டால் உங்கள் பகுதிக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கிக் கொடுக்கலாம். இந்த உரையைக் கேட்ட யாராவது ஒருவர் இந்த வாரம் இவற்றில் ஒன்றையாவது செய்வார் என்று நம்புகிறேன்.