இருபத்துமூன்றும் இருபத்துமூன்றும்

(நூற்றாண்டு விழாவையொட்டி, உயர்தர உயிரியல் மாணவியர் முன்னிலையிலும் பழைய மாணவியர் முன்னிலையிலும் ஆற்றிய உரை)



கலப்பிரிவும் பரம்பரையும் பற்றிப் பேசும்படி கேட்டிருந்தார்கள். பாடத்திட்டத்தில் உள்ளதை உங்கள் ஆசிரியை என்னைவிட நன்றாகக் கற்பிப்பார். அந்தப் பாடம் பரீட்சை மண்டபத்தைத் தாண்டி மகப்பேற்று விடுதிக்கு வரும்போது என்ன நடக்கிறது என்பதைத்தான் நான் சொல்ல வந்திருக்கிறேன். அங்கே என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "டொக்டர், நான் என்ன பிழை விட்டனான்?" கேட்பவர் அநேகமாக எப்போதும் தாய்தான். கிரகணத்தன்று முற்றத்துக்குப் போனதாலோ, அன்னாசி சாப்பிட்டதாலோ, கட்டிலிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கியதாலோ என்று அவரே காரணங்களையும் அடுக்குவார். அவர் சொல்லாமல் விட்டதைக் கட்டிலருகே நிற்கும் மாமியார் சொல்லி முடிப்பார்.

அந்தக் கேள்விக்கான விடை உங்கள் ஒடுக்கற்பிரிவுப் பாடத்தில் இருக்கிறது. ஆனால் முதலில் வெங்காயம்.

வெங்காய வேர் நுனிச் செய்முறையை நீங்கள் எல்லோரும் செய்திருப்பீர்கள். நாங்களும் செய்தோம். மின்சாரம் இல்லாத நாள்களில் நுணுக்குக்காட்டியின் அடிக்கண்ணாடியை யன்னல் பக்கம் திருப்பி, வெயிலைப் பிடித்துத்தான் பார்ப்போம். முகில் வந்தால் பாடம் நின்றுவிடும். அந்த வழுக்கியில் பெரும்பாலான கலங்கள் சும்மா இருப்பதுபோலத் தெரியும். தேடித் தேடிப் பார்த்தால் ஒன்றில் நிறமூர்த்தங்கள் நடுவில் வரிசையாக நிற்கும், இன்னொன்றில் இரு துருவங்களுக்கும் இழுபட்டுக்கொண்டிருக்கும். வெங்காயத்துக்கு 16 நிறமூர்த்தங்கள். ஒரு கலம் இரண்டாகும்போது இரண்டுக்கும் 16 கிடைக்கும். பங்குபோடுவதற்கு முன்னரே ஒவ்வொன்றும் தன்னைப் படியெடுத்துவிடுவதால் யாருக்கும் குறைவதில்லை. இதுதான் இழையுருப்பிரிவு. உங்கள் தோல் வளர்வதும் காயம் ஆறுவதும் இப்படித்தான்.

மனிதருக்கு 46. இது எவ்வளவு எளிதான எண்ணாகத் தெரிகிறது! ஆனால் 1920கள் தொடக்கம் முப்பது வருடங்களுக்கு மேலாக உலகம் முழுவதும் பாடப்புத்தகங்களில் 48 என்றே இருந்தது. 1956இல்தான், சுவீடனின் லுண்ட் நகரில் பணியாற்றிய ஜோ ஹின் ஜியோவும் அல்பேர்ட் லெவனும் 46 என்று எண்ணி வெளியிட்டார்கள். ஜியோ யாவாத் தீவில் பிறந்தவர். இடைப்பட்ட காலத்தில் நுணுக்குக்காட்டிக்குள் பார்த்தவர்களில் பலர் புத்தகத்தில் இருந்த எண்ணையே கண்டார்கள். எதிர்பார்ப்பு எவ்வளவு வலியது என்று பாருங்கள்.

46 என்பது 23 சோடி. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து. முட்டையும் விந்தும் உண்டாகும்போது மட்டும் எண்ணிக்கை பாதியாக வேண்டும், இல்லாவிட்டால் தலைமுறைக்குத் தலைமுறை இரட்டித்துக்கொண்டே போகும். அந்தப் பாதியாக்கல்தான் ஒடுக்கற்பிரிவு. சோடிகள் பிரியும்போது எது எந்தப் பக்கம் போகும் என்று எவரும் கட்டளையிடுவதில்லை. இரண்டை இருபத்துமூன்று தடவை பெருக்கிப் பாருங்கள்: 83 இலட்சத்துக்கும் மேற்பட்ட வகையான முட்டைகள் ஒரு பெண்ணால் சாத்தியம். குறுக்குப் பரிமாற்றத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை. சகோதரிகள் இருவர் ஒரே சீருடையில் வந்தும் ஆசிரியைக்கு ஏன் மாறுவதில்லை என்பது இப்போது விளங்கும்.

இனி விடுதிக்குப் போவோம். முதலாவது குற்றச்சாட்டு மிகப் பழையது: "இதுவும் பொம்பிளைப் பிள்ளைதானே." இதை நீண்ட நேரம் பேசத் தேவையில்லை. தாய்க்கு இருப்பது இரண்டும் எக்ஸ் நிறமூர்த்தங்கள்; அவர் தரும் எந்த முட்டையிலும் எக்ஸ்தான். தந்தையின் விந்துகளில் பாதி எக்ஸையும் பாதி வையையும் கொண்டவை. ஆணா பெண்ணா என்பது அங்கே தீர்கிறது. இதைக் கண்டவர்களில் ஒருவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண். பாடசாலை ஆசிரியையாக இருந்து, 35 வயதில் பல்கலைக்கழகம் புகுந்தவர். பிரின் மோர் என்ற மகளிர் கல்லூரியில் மாவண்டுகளின் கலங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பெண் வண்டில் 20 பெரிய நிறமூர்த்தங்களும் ஆண் வண்டில் 19 பெரியதும் ஒன்று சிறியதுமாக இருப்பதைக் கண்டு, 1905இல் எழுதினார். 1912இல், தமது 50ஆவது வயதில், மார்பகப் புற்றுநோயால் இறந்தார். நூறு வருடங்களுக்கு மேலாகத் தெரிந்த செய்தி. ஆனாலும் நாலாவது மகளைப் பெற்ற தாயின் முகத்தை இன்றும் நான் பார்க்கிறேன். நீங்கள் சிரிப்பது தெரிகிறது, "அப்படியானால் குற்றம் அப்பாவிலா?" என்று கேட்கப் போகிறீர்கள். அப்பாவும் தெரிந்தெடுப்பதில்லை. கோடிக்கணக்கில் ஓடும் விந்துகளில் எது முந்தும் என்பதில் அவருக்கு என்ன சொல் இருக்கிறது?

இரண்டாவது குற்றச்சாட்டில்தான் நான் தங்கி நிற்க வேண்டும்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளை நீங்கள் அறிவீர்கள். உங்கள் ஒழுங்கையில் ஒருவர் இருக்கலாம், உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். இதற்கான காரணம் 1959இல் பாரிஸில் தெரியவந்தது. அமெரிக்காவில் கல வளர்ப்புக் கற்றுத் திரும்பியிருந்த மார்த் கோத்தியே என்ற இளம் பெண் மருத்துவர், வசதியற்ற ஓர் ஆய்வுகூடத்தில், வேண்டிய சீரத்தைத் தன் குருதியிலிருந்தே எடுத்து இப்பிள்ளைகளின் கலங்களை வளர்த்தார். அவற்றில் 46க்குப் பதிலாக 47 நிறமூர்த்தங்கள் இருந்தன. 21ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதில் மூன்று. கட்டுரை வெளிவந்தபோது முதற்பெயர் ஜெரோம் லெஜூன் என்பவருடையது. கோத்தியேயின் பெயர் இரண்டாவதாக, அதுவும் எழுத்துப் பிழையோடு அச்சாகியிருந்தது. இது நமது தலைப்பல்ல, ஆனால் மகளிர் கல்லூரியில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

மூன்றாவது 21 எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் முட்டையிலிருந்து. பிரியவேண்டிய சோடி பிரியாமல் இரண்டும் ஒரே பக்கம் போய்விடுகின்றன. "பாத்தீங்களா, தாயிலதான்" என்று யாராவது சொல்வதற்கு முன்னர் அந்த முட்டையின் வரலாற்றைக் கேளுங்கள்.

ஆண்களில் விந்துக்கலங்கள் பருவமடைந்த பின் தொடர்ந்து புதிதாக உண்டாகின்றன. பெண்ணின் கதை வேறு. ஒரு பெண் குழந்தை தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருக்கும்போதே அதன் சூலகங்களில் 60, 70 இலட்சம் முட்டைக் கலங்கள் இருக்கின்றன. அவை ஒடுக்கற்பிரிவைத் தொடங்கியும் விடுகின்றன. சோடிகள் சேர்ந்து, பரிமாற்றம் செய்து, முதலாம் முன்னவத்தையில் அப்படியே நின்றுவிடுகின்றன. பிறக்கும்போது 10 முதல் 20 இலட்சம் மிஞ்சும், பூப்படையும்போது மூன்று, நான்கு இலட்சம். அவற்றிலும் வாழ்நாளில் வெளிவருவது நானூறோ ஐந்நூறோதான். மற்றவை காத்திருந்தே கரைந்துபோகின்றன. 15 வயதில் வெளிவரும் முட்டை 15 வருடம் நின்ற இடத்திலிருந்து பிரிவைத் தொடர்கிறது. 42 வயதில் வெளிவருவது 42 வருடம் காத்திருந்தது.

இதை மறுபுறமாகச் சொல்லிப் பார்ப்போம். நீங்கள் எந்த முட்டையிலிருந்து வந்தீர்களோ, அது உங்கள் அம்மம்மாவின் வயிற்றில் உங்கள் அம்மா கருவாக இருந்தபோதே உண்டாகிவிட்டது. அம்மம்மா, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறையாக இந்தக் கல்லூரிக்கு வரும் குடும்பங்கள் இந்த மண்டபத்தில் இருக்கின்றன. நான் சொல்வது அவர்களுக்கு வேறுவிதமாகக் கேட்கும்.

இத்தனை வருடமும் நிறமூர்த்தங்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது கொஹீசின் என்ற புரதம். வயது போகப் போக அந்தப் பிடி தளர்கிறது. தளர்ந்தால் கதிர்நார்கள் இழுக்கும்போது ஒழுங்காகப் பிரிவதில்லை. அதனால்தான் டவுன் சிண்ட்ரோமின் வாய்ப்பு தாயின் வயதோடு கூடுகிறது: 20 வயதில் ஏறத்தாழ 1500 பிறப்புக்கு ஒன்று, 35இல் 350க்கு ஒன்று, 40இல் 100க்கு ஒன்று. ஆயினும் இளந்தாய்மாருக்கே பிள்ளைகள் அதிகம் பிறப்பதால், டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளிற் பலரின் தாய்மார் இளையவர்களே. படித்து, வேலை தேடி, பிந்திக் கல்யாணம் செய்ததற்கு இது தண்டனை என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதும்.

அன்னாசி, கிரகணம், வழுக்கிய கால் இவற்றுக்கெல்லாம் இந்தக் கதையில் இடமே இல்லை. அந்த முட்டை வெளிவந்து பிரிவை முடிப்பது, தாய் கர்ப்பமாவதற்கு முன்னரும் கருக்கட்டும் வேளையிலும். கர்ப்பகாலத்தில் எதைச் சாப்பிட்டாலும் 21ஆம் நிறமூர்த்தம் ஒன்று கூடவோ குறையவோ போவதில்லை. நூறில் மூன்று, நான்கு பிள்ளைகளில் மட்டும் மேலதிக 21 வேறொரு நிறமூர்த்தத்தில் ஒட்டியிருக்கும். அதைத் தாயோ தந்தையோ தமக்குத் தெரியாமலே காவியிருக்கலாம். அப்படியானால் அடுத்த பிள்ளைக்கான வாய்ப்பும் மாறும். நிறமூர்த்தப் பரிசோதனை செய்யச் சொல்வது இதற்காகத்தான்.

தாய்மாரிடம் நான் இதையெல்லாம் முழுதாகச் சொல்வதில்லை. "நீங்கள் செய்த எதாலும் வந்ததில்லை" என்று முதலில் சொல்வேன். அடுத்து, பிள்ளையின் இருதயத்தை ஸ்கான் செய்யவேண்டும் என்று சொல்வேன். ஏனெனில் இப்பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருதயக் குறைபாடு இருக்கும், காலத்தோடு கண்டால் திருத்தலாம். தைரொயிட், காது கேட்டல், கண் பார்வை இவற்றையும் பார்க்கவேண்டும். யார் குற்றம் என்று வீட்டில் வழக்குப் பேசிக் கழியும் ஒவ்வொரு கிழமையும் அந்தப் பிள்ளையின் கிழமை. நல்ல கவனிப்புக் கிடைக்கும் நாடுகளில் இவர்கள் இன்று 60 வயது வரை வாழ்கிறார்கள்.

மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் இதில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. தலசீமியா. குருதியில் ஈமோகுளோபினை ஆக்கும் பரம்பரையலகில் வரும் பிழை. பின்னிடைவானது, ஒரு பிரதி மட்டும் பிழையானவர் காவி. அவர் நலமாகவே இருப்பார். காவிகள் இருவர் மணந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு, இரு பிரதிகளும் பிழையாகி வாழ்நாள் முழுவதும் குருதி ஏற்றவேண்டிய நிலை வர. "முதற்பிள்ளைக்கு வந்திட்டுது, இனி மூண்டு பேருக்கு வராது" என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். ஒவ்வொரு கருவும் புதிதாகக் குலுக்கிப் போட்ட சீட்டு. முந்தியது அதற்கு ஞாபகம் இராது. குருநாகலில் உள்ள தேசிய தலசீமியா நிலையத்துக்குச் சென்றால், மாதந்தோறும் குருதிக்காக வரும் பிள்ளைகளைக் காணலாம். மச்சான் மச்சாள் கல்யாணத்தில் இருவரும் ஒரே பேரனிடமிருந்து ஒரே பிழையைப் பெற்றிருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதையும் சொல்லியாகவேண்டும்.

எமது நாட்டுச் சட்டத்தில் தாயின் உயிரைக் காப்பதற்கன்றிக் கருவைக் கலைக்க இடமில்லை. ஆகவே அறியவேண்டிய நேரம் கல்யாணத்துக்கு முன்னர். சாதாரண முழுக் குருதிக் கணக்கெடுப்பிலேயே சந்தேகம் தெரியும்: செங்குழியங்கள் வழமையைவிடச் சிறியவையாக இருக்கும். இரும்புக் குறைபாடு என்று நினைத்து வருடக்கணக்காக இரும்புக் குளிசை விழுங்கிய காவிகளை நான் கண்டிருக்கிறேன். ஒன்றில் மட்டும் உறுதியாயிருங்கள். பரிசோதனை இரு பக்கத்துக்கும் வேண்டும். பெண்ணின் றிப்போட்டை மட்டும் கேட்டுவாங்கி, காவி என்று கண்டு கல்யாணத்தைக் குழப்பிய வீடுகளும் உண்டு. காவியான பெண் காவியல்லாத ஒருவரைத் தாராளமாக மணக்கலாம். பிள்ளைகளுக்கு அந்த நோய் வராது. மாப்பிள்ளை வீட்டார் குறிப்பைக் கொண்டுவரும்போது றிப்போட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள். இங்கே இருக்கும் அக்காமார், மகன்மாரின் தாய்மாராக, இதை முதலில் செய்து காட்டலாம்.

உயிரியல் ஆய்வுகூடத்தில் வேர் நுனி வழுக்கிகள் இன்று காலை தயாரிக்கப்பட்டிருக்கின்றன. முதலாவது நுணுக்குக்காட்டியில் மேன்முக அவத்தை நன்றாகத் தெரிகிறது, நான் பார்த்துவிட்டேன். கேள்விகளைத் துண்டில் எழுதி வாசலில் உள்ள பெட்டியில் போடச் சொல்லியிருக்கிறேன். பெயர் எழுதத் தேவையில்லை. தேநீர் முடியும் வரைக்கும் நான் ஆய்வுகூடத்தில்தான் இருப்பேன்.